பத்து நாளும் குறைவில்லை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அப்பா போய்விட்டார் என்பதற்கு மேல் அதில் எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தக் காய்ச்சலுக்காக ரயிலை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, நீ வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் உன்னைத் தப்பாகப் பேசவில்லை. அடக்கத்துக்கு ஆறு பேருக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள். நான், உன் அத்தான், சபை மூப்பர், கடிகாரக்காரர், குழி வெட்டின இரண்டு பேர். மூப்பர் முகத்தில் கட்டின துணிக்குள்ளிருந்தே ஜெபம் செய்தார். மழைச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

நம் சபை அப்பாவைக் கைவிடவில்லை, அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். படுத்திருக்கிறவர்களுக்கும் தனியாக இருக்கிறவர்களுக்கும் தினமும் சாப்பாடு போகிறது, மொத்தம் நாற்பத்தோரு வீடு. பேர்களை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம். தன் வீட்டாரைத் தானே பார்க்கக் கூடாது என்பது விதி. எனக்குக் கசாப்புக்கடைக்காரர் வீடு வந்தது. அப்பா வீட்டுச் சீட்டைக் கடிகாரக்காரர் எடுத்தார். காலை எட்டு மணிக்குத் தூக்குப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும், பதிலை அட்டையில் எழுத வேண்டும். பத்து நாளும் அப்பா "குறைவில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். பதினோராம் நாள் பார்த்தால் முந்தின நாள் தூக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. கடிகாரக்காரர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். உன் அத்தான்தான் கதவை உடைத்தார்.

இப்போது ஒரு காரியம். அப்பாவுடைய கல்லில் அவர் பேருக்குக் கீழே "குறைவில்லை" என்று பொறிக்க வேண்டும் என்பது மூப்பரின் ஆசை. சாகும் வரை வாயில் ஒரு முறையீடு இல்லாமல் போனாரே, அது பெரிய சாட்சி என்கிறார். கல்லறைத் தோட்டத்து விதிப்படி மகன் சம்மதம் வேண்டுமாம். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன்.

உன் வீட்டிலிருந்து அப்பா வீடு ஐந்து தெரு. கசாப்புக்கடைக்காரர் வீடு அதற்கும் அந்தப் பக்கம். அப்படியென்றால் பத்து நாளும் கையில் சூடான சூப்போடு நம் தெரு முனையைத் தாண்டிப் போய், ஊரான் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். சபாஷ். சபை உனக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும்.

"குறைவில்லை." அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் சபையில் எந்தக் கேள்விக்கும் அந்த ஒரே பதில்தானே? காலை உடைத்துக்கொண்டு வந்தவனும் அதைத்தான் சொல்லுவான். வேறு எது சொன்னாலும் கடவுள்மேல் புகார் சொன்ன மாதிரி. எனக்குப் பன்னிரண்டு வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூப்பர் கேட்டார், "பல்லு வலிக்குது" என்று சொல்லிவிட்டேன். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்பா தொடையில் கிள்ளினார் பார், அந்தத் தடம் நாலு நாள் இருந்தது. பல்லை யாரும் பார்க்கவில்லை.

அம்மாவும் அதைத்தான் சொன்னாள். வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு எட்டு மாதம், ஞாயிறு தவறாமல். அவர்களும் கேட்டார்கள், இவளும் சொன்னாள், அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். நான் ஏன் சபையை விட்டேன் என்று ஊரெல்லாம் பேசினார்களே, காரணம் இதுதான், கெட்ட சகவாசம் இல்லை.

இப்போது அதே வார்த்தையைக் கல்லில் வெட்டி அப்பா தலைமாட்டில் நடப் போகிறீர்கள். நீங்கள் பார்க்காமல் விட்டதற்கு அவரிடமே சான்றிதழ் வாங்குகிறீர்கள்.

அந்த அட்டையை எனக்கு அனுப்பு. பார்க்க வேண்டும்.

தம்பி


ஜூன் 24

தம்பி,

சபாஷாம், சால்வையாம்! முந்நூறு மைல் தள்ளி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நன்றாகத்தான் எழுதுகிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு முழுச் சட்டையைத் தப்பாகத் தைத்தேன், வலது கையை இடது பக்கம் வைத்து. பிரித்துத் தைக்க அரை நாள் போனது.

விதி விதி என்று பல்லைக் கடிக்கிறாயே, யார் போட்ட விதி தெரியுமா? உன் அப்பா போட்டது.

காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் அவரவர் தங்கள் ஆட்களுக்குத்தான் ஓடினோம். அக்கா வீட்டுக்குத் தங்கை, மாமனாருக்கு மருமகள். நம் சலவைக்காரரை ஞாபகம் இருக்கிறதா, கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவார், உனக்குக்கூட ஒருமுறை சட்டைக் கறையை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு யாரும் இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் நமக்கு அவர் ஞாபகம் வந்தது. நாலு நாள் ஆகியிருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் அப்பா எழுந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் கூவின கண்டக்டர் குரல் தெரியுமே, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நம்ம வீடு நம்ம வீடுன்னு தூக்கிட்டு ஓடினா, ஆளில்லாதவனுக்கு யாருய்யா கொண்டு போவா? இனிமே அவனவன் வீட்டை அவனவன் பாக்கக் கூடாது. என் மக என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அவளே முதல்ல கையைத் தூக்கட்டும்" என்றார். இருநூறு கண் என்மேல். நான் தூக்கினேன். பெருமையாகத்தான் தூக்கினேன், உன்னிடம் ஏன் மறைக்க?

அந்த விதியால் நாற்பத்தோரு வீட்டுக்கும் சாப்பாடு போனது. இழந்தது மூன்றே பேர். எங்களுக்கு அடுத்த தெருவில் கேட்க ஆளில்லாமல் எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதையும் உன் மேஜையில் எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்று. அப்பா உனக்கு மாதம் ஒரு கார்டு போடுவார், நான்தான் தபாலில் சேர்ப்பேன். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீயும் அதைப் படித்துவிட்டு, சரி, கிழவர் நன்றாக இருக்கிறார் என்று மடித்து வைத்துக்கொண்டாய். கடிகாரக்காரர் பத்து நாள் வாங்கிக்கொண்ட பதிலை நீ நாலு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறாய். அவர் வாசல் வரைக்காவது வந்தார்.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நாற்பத்தாறு கார்டு. எடுத்து எண்ணினேன். நாற்பத்தாறிலும் அதே வார்த்தை. கடைசிக் கார்டின் தபால் முத்திரை அவர் சாவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால் விழுந்தது. நீ சொன்னது சரி. அதனால் உன்மேல் இருக்கிற கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

அட்டையைப் பார்த்தேன். கப்பல் பட்டறையில் பதினோரு மணி நேரம் வரைபடத்தில் கோடு பார்க்கிறவன் நான். ஐந்தாம் நாள் வரை ஒவ்வொரு நாளும் மை கொஞ்சம் மாறுகிறது, எழுத்தின் சாய்வு மாறுகிறது. ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மாறவே இல்லை. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஐந்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். நின்றுகொண்டு கேட்டுக்கு வெளியே எழுதினது இல்லை. மேஜையில் கையை ஊன்றி எழுதினது.

உங்கள் கடிகாரக்காரரைக் கேள்.

அப்பா குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். ஜன்னலிலிருந்து கேட் எட்டடி. ஒன்பதாம் நாள் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்? வாசலில் நீ நின்றிருந்தால் அவர் வாயைத் திறந்த உடனே உனக்குத் தெரிந்திருக்கும். நானாக இருந்தாலும் தெரிந்திருக்கும். தெரியாத ஒரே ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் நேராகச் சொல். அந்தப் பத்து நாளில் நீ அவரை ஒருமுறையாவது பார்த்தாயா, இல்லையா?

இங்கே விடுதியைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேரை நேற்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

தம்பி


ஜூலை 14

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் கடிகாரக்காரர். கடைக்குப் போனேன். அட்டையை நீ திருப்பி அனுப்பியிருந்தாயே, அதைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டார். "தினமும் அதேதானேம்மா சொல்லுவாரு. அதனால வீட்டுலயே எழுதி வச்சுட்டேன். மழையில நின்னு எழுதினா மை கலங்குது" என்றார். பத்தாம் நாள்? "கேட்டேன். பதில் வரல. தூங்குறாருன்னு நெனச்சேன். அட்டையில அடிச்சுத் திருத்தினா அசிங்கமா இருக்குமேன்னு விட்டுட்டேன்." ஒன்பதாம் நாள் குரலைப் பற்றிக் கேட்டேன். "ரொம்பச் சன்னமா இருந்துச்சும்மா. ஜெபத்துல இருக்காரோன்னு நெனச்சேன்." கடையில் அத்தனை கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் ஒரு நாள்கூட எட்டு மணி தவறினதில்லை. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேள்.

பார்த்தேன்டா. ஆறாம் நாள்.

கசாப்புக்கடைக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் நம் தெரு முனையில் நின்றேன். தினமும் ஒரு கணம் நிற்பேன், அன்றைக்குக் கால் உள்ளே திரும்பிவிட்டது. அப்பா ஜன்னலில் இருந்தார். எட்டு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. காலர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. முப்பது வருஷம் கண்ணாடி பார்க்காமல் பஸ் ஏறாத மனுஷன். ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், பிடிக்காவிட்டால் நிற்க முடியாதவர் மாதிரி.

என்னைப் பார்த்தார். ஒரு கையை எடுத்து ஜன்னல் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். பஸ்ஸைக் கிளப்பச் சொல்கிற அதே தட்டு. போ, ரைட், போய்க்கிட்டே இரு.

போய்விட்டேன். நான் தையல்காரி, பொத்தானைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. பார்த்துவிட்டுத்தான் போனேன். சூப் ஆறிவிடும் என்று மனசுக்குள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவர் போகச் சொன்னதால் போனேன் என்று உன்னிடம் எழுதலாம் என்றுதான் கிழித்த முதல் கடிதத்தைத் தொடங்கினேன். அது பொய். காரணம் வேறு. அதற்கு இரண்டு நாள் முன்னால் முட்டைக்காரி தன் தங்கை வீட்டுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு போனதைப் பார்த்துவிட்டேன். சபை வாசலில் எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்டேன். "உனக்கு மட்டும்தான் ரத்தமா? எனக்கு அப்பா இல்லையா? நான் போறேனா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். மூப்பர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் நான் எப்படி அப்பா வாசலில் போய் நிற்பது? யாராவது பார்த்துவிட்டால்? அவ்வளவுதான் காரணம். என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள அப்பாவை விட்டுவிட்டு வந்தேன்.

முட்டைக்காரி நான் திட்டின பிறகும் போனாளாம், பின்வாசல் வழியாக. அவள் தங்கை பிழைத்துக்கொண்டாள். இப்போது சந்தையில் கீரைக்கட்டு பேரம் பேசிக்கொண்டு நிற்கிறாள், என் கண்ணால் பார்த்தேன். நான் முட்டைக்காரி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜன்னலைத் திறந்தாள். "எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தேன். "குறைவில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வேண்டியதுதான்.

போன ஞாயிறு சபை மறுபடி கூடியது, மைதானத்தில், நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு. மூப்பர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "குறை இருக்கு" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னேன். பொத்தானைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன், கல்லில் அந்த வார்த்தை வேண்டாம் என்றும் சொன்னேன். கடிகாரக்காரர் மட்டும் அழுதார். மூப்பர் அடுத்த நாற்காலிக்குப் போய், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் "குறைவில்லை!" என்றாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. அதற்கடுத்தவரும். அதற்கடுத்தவரும். உன் பல்வலி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கல்வெட்டுகிறவரிடம் பேரும் தேதியும் போதும் என்று சொல்லிவிட்டேன். காகிதத்தை நீ கிழித்துப் போடலாம்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிக்காதே, பரவாயில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறாய்? காய்ச்சல் இருக்கிறதா? சாப்பாடு யார் வைக்கிறார்கள்? என்னைத் திட்டியாவது எழுது. நாலு பக்கம் கெட்ட வார்த்தையாக எழுது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதாதே.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொத்தானைப் பற்றிப் படித்தேன்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

குறைவில்லை.


ஜூலை 30

டேய் ஸ்கேலு,

உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது! ஐந்து வயசிலேயே சிலேட்டில் கோடு போடாமல் ஒரு எழுத்து எழுத மாட்டாய். பொங்கிப் பொங்கித் திட்டின கடிதத்தில்கூட உன் வரிகள் தண்டவாளம் மாதிரி நேராக இருந்தன. இந்தக் கார்டில் மூன்று வரிதான் இருக்கிறது, மூன்றும் வலது பக்கம் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசி வார்த்தை கார்டின் விளிம்பைத் தொடுகிறது. உனக்குக் கோடு தெரிந்தால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

உனக்குக் கோபமா, காய்ச்சலா? கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. முட்டைக்காரியும் இதே வார்த்தையைச் சொன்னாள், ஆனால் அவள் குரல் என் காதில் விழுந்தது, திடமாகத்தான் இருந்தாள். கார்டில் குரல் இல்லை. நீ வேண்டுமென்றே இந்த வார்த்தையை எழுதியிருந்தால் நல்லது. என் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி எழுதியிருந்தால், நன்றாக வலித்தது, போதுமா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இருக்கிறேன்.

நேற்றிலிருந்து வாரம் ஒரு ரயில் விடுகிறார்கள். டிக்கெட் வாங்கிவிட்டேன். கசாப்புக்கடைக்காரர் வீட்டைப் பார்க்க வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டேன். "சொந்தக்காரங்களைப் பாக்கப் போறியா, விதி இருக்கேம்மா" என்று மூப்பர் இழுத்தார். ஆமாம், சொந்தக்காரனைத்தான் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

ஞாயிறு காலை இறங்குவேன். இந்தக் கடிதமும் அதே ரயிலில்தான் வருமாம், எது முதலில் உன்னிடம் சேரும் என்று தெரியாது. விடுதியில் உள்ளே விட மாட்டார்கள் என்றால் வெளியே உட்கார்ந்திருப்பேன். கேட்டுக்கு வெளியே நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். நேராக வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன்.

கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கதவைத் திற. திறக்காவிட்டால் உடைப்பேன். போன தடவை உன் அத்தான் உடைத்தார், பதினோராம் நாள். இந்தத் தடவை நானே உடைக்கிறேன்.

அக்கா